துறைமுகத்தைச் சுற்றி நடந்த சண்டை: திருமலை, 1983 – 1990

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1983க்கும் 1990க்கும் இடையில், இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற திருமலை, அதாவது திருகோணமலைத் துறைமுகத்தைப் படைகொண்டு பிடிக்க எந்தத் தமிழ் ஆயுத இயக்கமும் இறங்கவில்லை. யாழ்ப்பாணக் கோட்டையை 1990இல் முற்றுகையிட்டார்களே, அப்படி ஒன்று இங்கே நகரத்துப் பிரெட்றிக் கோட்டைக்கு நடக்கவேயில்லை. துறைமுகம் தொடக்கத்திலும் அரசின் கையில், முடிவிலும் அரசின் கையில். பிறகு ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த ஏழு வருடத்துக்குள்தான் சுற்றுக் கிராமங்களில் தென்னைமரவாடி காலியானது, திரியாய் எரிந்தது, கிளிவெட்டியில் பிணம் விழுந்தது, நகரத்துக் கடைகள் சாம்பலாகின, இன்னொரு கட்டத்தில் நகரத்துச் சிங்களக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ஓடின, கடைசியில் ஒரு மாகாண அரசே இங்கே பிறந்து ஒன்றே கால் வருடத்தில் இங்கேயே முடிந்தது. இதற்கெல்லாம் பின்னால் நின்றது அந்தத் துறைமுகம். சண்டை அதற்குள் நடக்கவில்லை. சுற்றியிருந்த வயலிலும் வீதியிலும் வாக்காளர் இடாப்பிலும் நடந்தது. இதைத்தான் இங்கே விரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

நான் திருமலைக்காரன். எங்கள் அம்மப்பா வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைக் கப்பல் பட்டறையான டொக்யார்ட்டில் வேலை செய்தவர். ஆகவே நடுவில் நிற்கும் ஆள் என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் செத்தவர்களில் யார் எங்கள் ஆட்கள் என்று பார்த்து எண்ணுகிற பழக்கம் எனக்கில்லை, அவ்வளவுதான்.

இடம்

வரைபடம் இல்லாமல் இதை விளக்குவது கஷ்டம். சுவாமி மலையில், கோணேசர் கோயில் பக்கத்தில், கடலைப் பார்த்து நில்லுங்கள். முன்னால் வங்கக் கடல். இடப்பக்கம் திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளி என்று வடக்கே போகும் கரை. முதுகுக்குப் பின்னால் நகரம், நகரத்துக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது உள்துறைமுகம். அதற்குள் கப்பல் நேரே வந்துவிட முடியாது. தெற்கே சுற்றி, கொட்டியாரக்குடாவுக்குள் நுழைந்து, ஒஸ்ரன்பேர்க் முனையைக் கடந்து திரும்பித்தான் உள்ளே வரவேண்டும். மகாவலி கங்கை வந்து விழுவதும் அந்தக் குடாவில்தான். குடாவின் அடியில் கடலுக்குள் ஒரு பெரிய பள்ளத்தாக்கு ஓடுகிறது, அதனால்தான் இவ்வளவு ஆழம். எவ்வளவு பெரிய கப்பலும் வரும், வந்தால் வெளியில் இருந்து தெரியாது, புயல் அடித்தாலும் உள்ளே தண்ணீர் குளம் போலக் கிடக்கும்.

இப்போது குடாவுக்குத் தென்கரையைப் பாருங்கள். கிண்ணியா, மூதூர், சம்பூர். குடாவின் வாயைக் காவல் காப்பது போல இருக்கிறது சம்பூர்ப் பக்கம். அங்கே ஒரு பீரங்கியை வைத்துக்கொண்டு ஆள் இருந்தால் துறைமுகத்துக்குள் போகிற எந்தக் கப்பலும் அவனுக்குத் தெரிந்துதான் போகவேண்டும்.

இதைப் பழைய காலத்தில் வந்தவர்கள் நன்றாகவே விளங்கிக்கொண்டிருந்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து (டச்சுக்காரர்) திருமலையைப் பிடித்தார்கள், அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரன் வந்து ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார், பிறகு ஒல்லாந்தருக்குத் திரும்பிப் போய், 1795இல் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மூன்று முறையும் யாரும் துறைமுகத்தின் வாயால் உள்ளே வரவில்லை. கரையில் ஆளை இறக்கி, தரைப்பக்கத்தால் வந்துதான் கோட்டைகளை எடுத்தார்கள். இந்தத் துறைமுகத்துக்கு முன்வாசல் பலம், பின்வாசல் பலவீனம். இருநூறு வருடம் கழித்தும் அது மாறவில்லை. இம்முறை கப்பலில் வந்து இறங்கிய பட்டாளத்தின் இடத்தில் குடியேற்றத் திட்டமும் ஊர்காவல் படையும் இயக்கமும் வந்தன.

83க்கு முன்

பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனது. விட்டுப்போன சொத்தில் பெரியது சீனக்குடாவுக்குப் பக்கத்துக் காட்டுக்குள் நின்ற எண்ணெய்த் தாங்கிகள். இன்றைக்கும் 99 நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான்காரன் வந்து குண்டு போட்ட கதையை எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறோம். அம்மப்பா அன்றைக்குத் தம்பலகாமத்துப் பக்கம் நடந்தே போனாராம்.

நிலத்தின் கதை இதோடு சேர்ந்தே ஓடுகிறது. 1881 குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்தில் சிங்களவர் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. 1946இல் ஏறத்தாழ இருபது. 1981இல் மூன்றில் ஒன்று. இதை எடுத்துவைத்துக்கொண்டு எல்லாமே திட்டமிட்ட குடியேற்றம் என்று ஒரே அடியாகச் சொல்லுகிறவர்கள் நம்மிடையே அதிகம். 1946க்கு முந்திய ஏற்றத்துக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன். போர்க்காலத்தில் துறைமுகமும் தளமும் ஆட்களை இழுத்தன, தெற்கிலிருந்து தொழிலாளிகள் வந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு வந்தது வேறு விதம். கந்தளாய், அல்லை, மொறவெவ (எங்கள் ஆட்களுக்கு முதலிக்குளம்) என்று அரசே குளத்தைத் திருத்தி, வாய்க்கால் வெட்டி, காணி பிரித்து, ஆளைக் கொண்டுவந்து இருத்தியது. வரைபடத்தில் இந்த இடங்களை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துப் பார்த்தால் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் துறைமுகத்தை நோக்கி ஓர் ஆப்பு இறங்குவது தெரியும். தமிழ், முஸ்லிம் ஊர்கள் சேலைக்குக் கரை வைத்தது போலக் கடலோரமாக மிஞ்சின: வடக்கே நிலாவெளி, குச்சவெளி, திரியாய், தென்னைமரவாடி, தெற்கே மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல்.

1977 தேர்தலுக்குச் சேருவில என்று, சிங்களவர் பெரும்பான்மையான ஒரு தனித் தொகுதி வெட்டப்பட்டது. மாவட்டத்து மூன்று தொகுதிகளில் திருகோணமலை ஒன்றுதான் தமிழர் விடுதலைக் கூட்டணிக்குக் கிடைத்தது, இரா. சம்பந்தன் எம்.பி. ஆனார்.

அதற்கும் ஒன்பது வருடம் முந்தி நடந்த ஒன்றை இப்போது யாரும் பேசுவதில்லை, எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. 1965இல் டட்லி சேனநாயக்க அரசில் தமிழரசுக் கட்சி சேர்ந்தது, மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சர். கோணேசர் கோயில் சூழலைப் புனித பிரதேசமாக்கலாமா என்று பார்க்க அவர் ஒரு குழுவை நியமித்தார். வெறும் குழுதான். கோயில் நிற்பது பிரெட்றிக் கோட்டைக்குள். எதிர்ப்புக் கிளம்பியதும் பிரதமர் அந்தக் குழுவை நிறுத்தினார், திருச்செல்வம் பதவியை விட்டார், 1968 செப்டம்பரில் கட்சி அரசிலிருந்து வெளியேறியது. கொழும்பில் அமைச்சர் நாற்காலியில் இருந்த ஒரு தமிழருக்குத் திருமலையில் ஒரு கோயில் வளவைப் பற்றி ஆராயக்கூட இடமில்லை என்று அன்றைக்கே தெரிந்துபோனது.

ஜூலை

83 ஜூலையில் நடந்த தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்கு முதல், ஜூன் மாதத்திலேயே திருமலையில் குண்டு, தீவைப்பு, வெட்டு என்று ஆரம்பமாகிவிட்டது. கொழும்பு எரிந்தபோது இங்கே மக்கள் ஏற்கெனவே கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் படுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அம்மா சொல்லுவார்.

ஜூலை 26. யாழ்ப்பாணத்தைப் புலிகள் பிடித்துவிட்டார்கள், காரைநகர்க் கடற்படைத் தளம் அழிந்துவிட்டது, அங்குள்ள பௌத்த நாகவிகாரையைக் கெடுத்துவிட்டார்கள் என்று திருமலைக் கடற்படைத் தளத்துக்குள் வதந்தி பரவியது. மூன்றும் பொய். கடற்படையினர் தளத்தை விட்டு வெளியே வந்தார்கள். மத்திய வீதி, டொக்யார்ட் வீதி, பெருந்தெரு, என்.சி. வீதி என்று ஒவ்வொன்றாகப் போய் 170 இடங்களில் தீ வைத்துவிட்டுத் தளத்துக்குத் திரும்பினார்கள். திருஞானசம்பந்தர் வீதிச் சிவன் கோயிலும் தப்பவில்லை.

கொழும்பில் நடந்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே தீ வைத்தது கும்பல், படையினர் பெரும்பாலும் பார்த்துக்கொண்டு நின்றார்கள் அல்லது கூட நின்றார்கள். இங்கே வீதியில் இறங்கியதே துறைமுகத்தைக் காக்கிற படை. அதுவரைக்கும் அந்தத் தளம் ஊருக்கு வேலை கொடுக்கிற இடம், சைரன் ஊதினால் நேரம் பார்க்கிற இடம். அந்த ஒரு நாளோடு ஊருக்கும் தளத்துக்கும் இடையில் இருந்தது அறுந்தது. ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்து, பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி எம்.பிக்கள் பதவி இழந்தபோது, அரசியலால் பேசிப் பார்க்கிற வாசலும் மூடிக்கொண்டது. எங்கள் வகுப்பு அண்ணன்மாரில் எத்தனை பேர் அந்த வருடக் கடைசிக்குள் படகு ஏறினார்கள் என்று கேட்டால் ஊரில் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடுவார்கள்.

தென்னைமரவாடியும் திரியாயும்

ஆய்வின் நடுப்பகுதி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வடமாகாணத்தையும் கிழக்கு மாகாணத்தையும் தரையால் சேர்க்கிற கழுத்து, கொக்கிளாய்க் களப்புக்கும் தென்னைமரவாடிக்கும் இடைப்பட்ட அந்தச் சின்னத் துண்டு. முல்லைத்தீவிலிருந்து கரையோரமாக இறங்கினால் கொக்குத்தொடுவாய், கொக்கிளாய், தென்னைமரவாடி, திரியாய், குச்சவெளி, நிலாவெளி, திருமலை. அந்தக் கழுத்தை வெட்டினால் வடக்கு வேறு, கிழக்கு வேறு. தமிழீழம் என்று யார் பேசினாலும் அதன் துறைமுகம் திருமலைதான், தலைநகரமும் திருமலைதான் என்றுதான் பேசினார்கள். ஆகவே கழுத்து யாரிடம் என்பதில் இரண்டு தரப்புக்கும் கண் இருந்தது.

1984இல் கழுத்துக்கு மேற்கே மணலாற்றில் வேலை தொடங்கியது. கென்ட், டொலர் என்ற பண்ணைகளில் இருந்த தமிழர்கள், பலர் 77 கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்தவர்கள், அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். சிங்களக் கைதிகளைக் குடும்பங்களோடு கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். நவம்பர் 30ஆம் தேதி விடுதலைப் புலிகள் இரண்டு பண்ணைகளையும் தாக்கினார்கள். ஏறத்தாழ அறுபது பேர் செத்தார்கள், பெண்களும் பிள்ளைகளும் அதில் அடக்கம். கொண்டுவந்து இருத்தப்பட்டவர்களுக்குத் தாங்கள் எந்த வரைபடத்தில் எந்தக் கோடு என்று தெரிந்திருக்குமா? அவர்களைக் கொன்றதை நியாயப்படுத்த இன்றைக்கும் என்னால் ஒரு வார்த்தை கண்டுபிடிக்க முடியவில்லை. பதிலடி சில நாளைக்குள் வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் படையினர் தென்னைமரவாடிக்குள் புகுந்து சுட்டார்கள், வீடுகளை எரித்தார்கள். உயிர் தப்பினவர்கள் களப்பைக் கடந்து முல்லைத்தீவுப் பக்கம் போனார்கள். பழைய விவசாயக் கிராமம் ஒன்று ஒரே வாரத்தில் வெறும் காடாகப் போனது. மணலாறு பிறகு வெலிஓயா ஆனது.

அடுத்தது 1985. மே 14ஆம் தேதி விடுதலைப் புலிகள் அனுராதபுரத்துக்குள் புகுந்து பொதுமக்களைச் சுட்டதில் 146 பேர் இறந்தார்கள். அதன் பழி திருகோணமலை மாவட்டத்தில் இறங்கியது. அரசு சிங்களக் கிராமங்களுக்குத் துப்பாக்கி கொடுத்து ஊர்காவல் படை என்று ஆக்கிக்கொண்டிருந்த நேரம் அது. மே கடைசியிலிருந்து ஜூன் 18 போர்நிறுத்தம் வரை ஏறக்குறைய மூன்று வாரம், தமிழ் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக. ஜூன் முதல் வாரத்தில் திரியாய் எரிந்தது. மூதூர்ப் பக்கம் கிளிவெட்டி. அதே வாரங்களில் இயக்கங்களும் சிங்களக் குடியேற்றக் கிராமங்களைத் தாக்கிப் பொதுமக்களைக் கொன்றன. போர்நிறுத்தம் என்று கையெழுத்து வைத்த பிறகும் நிற்கவில்லை. ஆகஸ்டில் திரியாயில் மறுபடி ஆட்கள் சுடப்பட்டார்கள். அந்த நேரம் பூட்டானின் திம்புவில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வவுனியாவிலும் திருகோணமலையிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டதைச் சொல்லித்தான் தமிழ்க் குழுக்கள் ஆகஸ்ட் 17ஆம் தேதி மேசையை விட்டு எழுந்தன.

திரியாய்க்காரர் ஒருவர், வயது எண்பதைத் தாண்டியவர், என்னிடம் ஒருமுறை கேட்டார்: "தம்பி, எங்கட ஊருக்கும் துறைமுகத்துக்கும் நாற்பது கிலோமீற்றருக்கு மேல. நான் வாழ்க்கையில கப்பலில ஏறினதில்ல. எங்கட வயல் அவங்களுக்கு என்ன செய்தது?" நான் பதில் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்தேன். பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. அவருடைய வயல் முல்லைத்தீவிலிருந்து திருமலைக்கு வருகிற கரையோரப் பாதையில் இருந்தது, அவ்வளவுதான் அது செய்த குற்றம். ஆனால் அதை ஒரு விவசாயியின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது.

நகரத்துக்குள் இந்தக் காலம் முழுக்கச் சுற்றிவளைப்பு, ஊரடங்கு, அடையாள அட்டை, மீன்பிடிக்கத் தடை. கண்டி வீதியால் வெளியே போகிறவன் கந்தளாயைத் தாண்டவேண்டும், வடக்கே போகிறவன் சென்றிகளை (காவலரண்களை)த் தாண்டவேண்டும், தெற்கே போகிறவனுக்கு மூதூர் லோஞ்ச் படகு அல்லது கிண்ணியாத் துறையடிப் பாதை, அதாவது வாகனம் ஏற்றும் மிதவை. அந்தக் காலத்தில் மூதூருக்குத் தரையால் போவதென்றால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்குத் துறை பாதைக்குக் காத்திருக்கவேண்டும், அரை நாள் போய்விடும். நகரம் அரசிடம் இருந்தது என்று நாம் சுலபமாக எழுதுகிறோம். உண்மையில் அரசிடம் இருந்தது துறைமுகம், விமானத்தளம், கோட்டை, அவற்றைச் சேர்க்கிற வீதிகள். அதே வீதியை மற்றவனும் பார்த்துக்கொண்டிருந்தான். 1987 ஏப்ரல் 17, பெரிய வெள்ளி, ஹபரணை – திருகோணமலை வீதியில் அலுத் ஓயாவில் பஸ்களை மறித்து 127 பேரைக் கொன்றார்கள், புலிகள் செய்தது என்றே சொல்லப்படுகிறது. இறந்தவர்கள் சிங்களவர்கள், புத்தாண்டு முடித்துப் பயணம் போனவர்கள்.

இந்தக் கணக்குக்குள் முஸ்லிம்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. குடாவின் தென்கரையில் கிண்ணியாவும் மூதூரும் அவர்களுடைய ஊர்கள். தமிழ்த் தலைமைகள் 'தமிழ் பேசும் மக்கள்' என்று அவர்களைக் கணக்கில் சேர்த்தார்கள், கொழும்பு 'தமிழர் அல்லாதவர்கள்' என்று மறுபக்கத்தில் சேர்த்தது. அவர்களிடம் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர் குறைவு. இதற்குத் தமிழர் தரப்பு பின்னாளில் பெரிய விலை கொடுத்தது.

டெல்லியின் கண்

80களின் தொடக்கத்தில் எண்ணெய்த் தாங்கிகளை வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் குத்தகைக்குக் கொடுக்க ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் அரசு டெண்டர் போட்டது. பின்னால் அமெரிக்கா இருக்கிறது என்று டெல்லி சந்தேகப்பட்டது. அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து போவது, அமெரிக்காவின் குரல் வானொலிக்கு நிலையம் கொடுப்பது எல்லாம் ஒரே கோப்பில் சேர்ந்தன. எங்கள் ஊரில் அன்றைக்கு இந்தியா வருகிறது, தமிழருக்காக வருகிறது என்று நம்பினோம். முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1987 ஜூலை 29ஆம் தேதி இந்திய – இலங்கை ஒப்பந்தத்தோடு ரஜீவ் காந்தியும் ஜே.ஆரும் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் படித்தால் விஷயம் தெளிவாகும். திருகோணமலையோ வேறு துறைமுகமோ இந்திய நலனுக்குக் கேடாக எந்த நாட்டுக்கும் ராணுவப் பாவனைக்குக் கொடுக்கப்படாது. எண்ணெய்த் தாங்கிகளைத் திருத்தி நடத்துவது இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து. தமிழருடைய விஷயம் ஒப்பந்தத்தில், துறைமுகத்தின் விஷயம் கடிதத்தில். ஒப்பந்தத்தில் இருந்த கிழக்கு மாகாணப் பொதுசன வாக்கெடுப்பு ஒருநாளும் நடக்கவில்லை, வடக்கு – கிழக்கு இணைப்பை 2006இல் உச்ச நீதிமன்றம் வெட்டிவிட்டது. கடிதத்தில் இருந்த தாங்கிகளோ 2003இல் லங்கா ஐ.ஓ.சி.யிடம் போய், 2022 ஜனவரியில் 14 தாங்கி ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பெனிக்கு என்று கணக்குத் தீர்ந்தது. எது கனமான காகிதம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்பும் இதில் குறைந்ததல்ல. 1984 சர்வகட்சி மாநாட்டுக்கு வந்த 'இணைப்பு சி' என்ற யோசனையிலேயே, பிராந்திய சபைகளுக்கு அது இது தருவோம், ஆனால் திருகோணமலைத் துறைமுகம் மத்திய அரசின் கீழ் ஒரு துறைமுக அதிகார சபைக்கு என்று தனியாக எழுதியிருந்தது.

ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதிப்படை வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பட்டாசு கொளுத்தினோம். சப்பாத்தி கேட்டு லொறிக்குப் பின்னால் ஓடினோம்.

அக்டோபர்

1987 செப்டம்பரில் யாழ்ப்பாணத்து நல்லூரில் விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதம் இருந்து இறந்தான். அவனுடைய ஐந்து கோரிக்கைகளில் ஒன்று, புனர்வாழ்வு என்ற பெயரில் சிங்களக் குடியேற்றம் நடப்பதை நிறுத்துவது. அது யாழ்ப்பாணத்துக்குரிய கோரிக்கை அல்ல, எங்கள் பக்கத்துக்குரியது. அகதி முகாமிலிருந்து தமிழர்கள் ஊருக்குத் திரும்பத் தொடங்கியிருந்தார்கள், அவர்களுடைய காணியில் யார் இருப்பது என்பதுதான் அப்போது திருமலையில் ஒவ்வொரு நாளும் அடிபடுகிற விஷயம்.

அக்டோபர் தொடக்கத்தில் பருத்தித்துறைக் கடலில் கடற்படை பிடித்த 17 புலிகளில் திருகோணமலைத் தளபதி புலேந்திரனும் இருந்தார், இன்னொரு தளபதி குமரப்பாவும் இருந்தார். கொழும்புக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்றதும் 5ஆம் தேதி சயனைட் கடித்தார்கள், 12 பேர் இறந்தார்கள். அந்த வாரமே கிழக்கில் சிங்களப் பொதுமக்கள் மீது கொலை விழுந்தது. திருமலை நகரத்தில் இம்முறை எரிந்தவை சிங்களவர் வீடுகள், ஓடியவர்கள் சிங்களவர்கள். மீன் விற்றவர்கள், துறைமுகத்தில் கூலி வேலை செய்தவர்கள், எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருந்த ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துப் பிள்ளையோடு நான் கிட்டிப்புள் விளையாடியிருக்கிறேன். 83இல் எங்கள் வீட்டுக்காரர் எடுத்த அதே அளவு மூட்டையைத்தான் அவர்களும் எடுத்தார்கள். ஊரில் சிலர் கணக்குச் சரி என்று சொன்னதும் நினைவிருக்கிறது. சொன்னவர்களில் என் உறவினர்களும் இருந்தார்கள்.

இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாவிக் கடந்துவிடுகிறார்கள். தாவினால் ஆய்வு கெட்டுப்போகும். நிலத்திலிருந்து ஆளைக் கிளப்பினால் துறைமுகம் நம்முடையதாகும் என்ற புத்தி ஒரு பக்கத்துக்கு மட்டும் இருந்ததல்ல.

மாகாண அரசு

இதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1988 நவம்பரில் வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தல், வரதராஜப் பெருமாள் முதலமைச்சர், தலைமையகம் திருமலை. முதன்முறையாகத் திருமலை எதற்கோ தலைநகரம். ஆனால் வாசலில் காவல் நின்றது இந்தியப் படை, பின்னால் புலிகள், மேலே கொழும்பு, துறைமுகத்தில் கையே வைக்க முடியாது. புதிய ஜனாதிபதி பிரேமதாச புலிகளோடு பேசி இந்தியப் படையைப் போகச் சொன்ன பிறகு அந்த அரசுக்கு மூச்சு நின்றது. 1990 மார்ச் 1ஆம் தேதி சபையில் தன்னிச்சையாகச் சுதந்திர ஈழப் பிரகடனம். ஊரில் அதைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு, பயந்தவர்களும் உண்டு. மார்ச் 24இல் அமைதிப்படையின் கடைசிப் பகுதி திருமலையிலிருந்து கப்பல் ஏறியது. அதற்கு முன்பே முதலமைச்சரும் அவருடைய ஆட்களும் இந்தியாவுக்குப் போயிருந்தார்கள். தலைநகரத்திலிருந்து எல்லோரும் வெளியேறப் பயன்பட்டது அதன் துறைமுகமும் விமானத்தளமும்.

ஜூனில் இரண்டாம் ஈழப்போர். நகரம் ராணுவத்தின் கையில், கரையோர ஊர்கள் மறுபடி காலி, மக்கள் முகாம்களிலும் தமிழ்நாட்டுக்குப் போகும் படகுகளிலும். தரைவழி அறுந்துபோனதால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்த படையினருக்கு ஆளும் சாமானும் திருமலையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகவேண்டிய நிலை. அடுத்த பத்தொன்பது வருடத்துக்கு அரசின் வடபகுதிப் போரே இந்தத் துறைமுகத்தின் தோளில் நின்றது. அப்படிப் பார்த்தால் 83 – 90 காலத்தின் இராணுவ விளைவு இதுதான்: புலிகளுக்கு நிலத்தில் பெரும் பகுதி கிடைத்தது, துறைமுகம் கிடைக்கவில்லை, துறைமுகம் கிடைக்காததால் யாழ்ப்பாணத்திலிருந்த படையைப் பட்டினி போட்டுப் பிடிக்க முடியவில்லை. அரசுக்குத் துறைமுகம் இருந்தது, ஆனால் அதன் தென்கரையில் சம்பூர் வெகுகாலம் அதன் கையில் இல்லை. 2006 ஆகஸ்டில் அந்தப் பக்கமிருந்து தளத்தின் மேல் ஷெல் விழுந்தது, சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜெட்லைனர் கப்பல் தாக்கப்பட்டது. உடனே அரசு சம்பூரை நோக்கித்தான் படை நகர்த்தியது, செப்டம்பர் 4இல் எடுத்துவிட்டது. சஃப்ரன் இருந்திருந்தால் அதைத்தான் முதல் நாளே செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சம்பூர் மக்கள் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்கில் இருந்தார்கள். காணி முதலில் கடற்படைக்கு, பிறகு முதலீட்டு வலயத்துக்கு, அனல்மின் நிலையத்துக்கு என்று பெயர் மாறிக்கொண்டே போனது. 2015இல் 818 ஏக்கர் திருப்பிக் கொடுக்கப்பட்டது, 2016இல் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர். நான் அந்த வருடம் ஒரு நண்பரோடு போனேன். இப்போது கிண்ணியாவிலும் மற்றத் துறைகளிலும் பாலம் இருக்கிறது, நகரத்திலிருந்து ஒரு மணித்தியாலமும் ஆகாது. அவருடைய வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை, மாமரம் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. கிணற்றை வைத்துத்தான் வளவைக் கண்டுபிடித்தார். கிணற்றுக் கட்டில் ஏறி நின்றால் குடாவுக்கு அந்தப் பக்கம் துறைமுகம் தெரிந்தது, ஒரு சீமெந்துக் கப்பல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, வாளியைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார்.